வற்றிய பலகையும் வாய்திறந்த கலமும்

கடலை அடுத்த ஊர்களில் பாய்மரப் படகு கரையேறிக் கிடக்கும் காட்சி புதிதன்று. கீழக்கரைக்கு மேற்கே ஏர்வாடி முதல் கிழக்கே பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் வரை கடலோரமாக நடந்து செல்வோர், மணலில் சாய்ந்து கிடக்கும் பழைய மரப்படகு ஒன்றிரண்டையேனும் காணக்கூடும். அதன் பலகைகளுக்கு இடையே பகலொளி தெரியும். சில இடங்களில் விரல் நுழையும். பார்ப்போர், "இனி இது விறகுக்குத்தான் ஆகும்" என்று சொல்லி நடந்துவிடுவர். அத்தீர்ப்பு பல நேரங்களில் அவசரத் தீர்ப்பாகும். வாய்திறந்த படகு செத்த படகு அன்று. நீரின்றி வற்றிய படகு. அதனை மீட்க முடியும். ஆனால் மீட்க முனைவோர் முதலில் செய்யும் வேலையே, அதாவது திறந்த சந்துகளை உடனே இறுக அடைத்துவிடும் வேலையே, பல கலங்களை உண்மையாகக் கொன்றிருக்கிறது. ஏன் அவ்வாறு நேர்கிறது என்பதை விளக்குவதே நம் நோக்கம்.

கப்பலைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழ்த்துறை மலரில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இக்கரைக்கு அக்கேள்வி பொருந்தாது. மரைக்காயர் என்னும் பெயரையே மரக்கலராயர் என்பதன் திரிபு என்பர் ஒரு சாரார். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லோடு இணைப்பர் வேறொரு சாரார். எவ்வழியே சென்றாலும் அப்பெயர் கடலிலேதான் போய் நிற்கிறது. வள்ளல் சீதக்காதி எனத் தமிழ் போற்றும் பெரியதம்பி மரைக்காயர், கிழவன் சேதுபதியின் காலத்தில் இவ்வூரிலிருந்து கப்பல் வாணிகம் நடத்தியவர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு தந்தவர். கொடுத்த கையைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அக்கொடைக்குப் பொருள் ஈட்டிய கப்பல்களுக்குப் பலகை இழைத்த ஓடாவிகளுக்கு நம் பாடநூல்களில் இன்றுவரை ஒரு பக்கமும் இல்லை. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் 'கப்பல் சாத்திரம்' என்னும் சுவடியை அச்சிட்டது. கலம் கட்டுவதற்குரிய காலம், மரத்தின் குறிகள், அளவுகள் முதலியவற்றைப் பேசும் அந்நூல் தமிழில் உண்டு என்பதையே நம் மாணவருள் பலர் அறியார்.

மேலே செல்வதற்கு முன் மூன்று சொற்களை நினைவிற் கொள்வது நலம். படகின் அடியில் முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கும் மரம் ஏரா. அதன் இருபுறமும் விலா எலும்புகள் போல் வளைந்து எழும் மரங்கள் வங்குகள். அவ்வங்குகளின் மேல் நீளவாட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக அறையப்படுபவை பலகைகள். இரு பலகைகளின் விளிம்புகள் சந்திக்கும் இடத்தையே இங்குச் சந்து என்கிறோம். கடலுக்கும் படகினுள் இருப்போர்க்கும் இடையே எத்தனையோ சந்துகள்! ஒவ்வொன்றும் ஒரு வாயில்.

மரம் சுருங்கும் முறை

மரத்தில் ஈரம் இரு நிலைகளில் தங்குகிறது. நுண்ணறைகளின் உட்குழிவில் நிற்கும் நீர் ஒன்று; அவ்வறைகளின் சுவர்களிலேயே ஊறியிருக்கும் நீர் மற்றொன்று. மரம் உலரும்போது உட்குழிவின் நீர் முதலில் வெளியேறும். அதனால் எடை குறையுமேயன்றி அளவு குறையாது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு என்னும் அளவிற்கு ஈரம் இறங்கிய பின்னர்தான் சுவர்களில் ஊறிய நீர் குறையத் தொடங்கும். சுருக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இச்சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக நிகழ்வதில்லை என்பதே இதில் முதன்மையான செய்தி. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்கும். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 விழுக்காடே சுருங்கும். நீளவாட்டில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் இல்லை. எனவே பலகை நீளத்தில் குறைவதில்லை, அகலத்தில்தான் குறைகிறது. 20 செ.மீ. அகலமுள்ள ஒரு பலகை, கடலில் நன்கு ஊறிய நிலையிலிருந்து 12 விழுக்காடு ஈரத்திற்கு உலர்ந்தது என்று கொள்வோம். அது அறுக்கப்பட்ட முறைக்கேற்ப 3 முதல் 6 மி.மீ. வரை ஒடுங்கிவிடும். ஒரு பக்கத்தில் பத்துப் பலகைகள் இருப்பின் மொத்த இடைவெளி 6 செ.மீ.யைத் தொடக்கூடும்! இத்தனைக்கும் தேக்கு மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களுள் ஒன்று. நாட்டு மரங்கள் பல அதனினும் மிகுதியாகச் சுருங்கும். விரல் நுழையும் சந்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று நாம் சொல்வது இக்கணக்கைக் கொண்டுதான். அந்த இடைவெளி அழிவின் அளவு அன்று. இழந்த நீரின் அளவு.

இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் மரம் மீண்டும் விரியும். மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடையில் சக்கரத்தின் ஆரும் வட்டையும் தளர்ந்து கடகடத்தால், சக்கரத்தைக் கழற்றி ஊருணியில் ஓரிரவு கிடத்திவிடுவார்கள். காலையில் அது இறுகியிருக்கும். அங்கே ஆப்பும் இல்லை, ஆணியும் இல்லை, தண்ணீரே தச்சன்.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விரியும் மரத்தின் விசை சிறிதன்று. பாறையில் வரிசையாகக் குழி தோண்டி, உலர்ந்த மர ஆப்புகளை இறுக்கி, அவற்றின் மேல் நீர் வார்த்துப் பாறையையே பிளந்த கல்தச்சர்கள் இருந்தார்கள். அதே விசை படகிலும் உண்டு. வற்றிக் கிடக்கும் நிலையில் ஒருவர் எல்லாச் சந்துகளையும் சிமெண்டு கொண்டோ ரெசின் பசை கொண்டோ, ஏன், பஞ்சையே அளவுக்கு மிஞ்சித் திணித்தோ அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். படகு கரையில் பார்ப்பதற்குச் சீராக இருக்கும். கடலில் இறக்கிய பின் பலகைகள் விரிய முற்படும். விரிய இடம் இராது. அப்போது மூன்றில் ஒன்று நிகழும். பலகைகளைப் பிடித்திருக்கும் ஆணிகள் இழுபட்டுத் தளரும். அல்லது வங்கு வெடிக்கும். அல்லது பலகையின் விளிம்பே நசுங்கும். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது; ஆதலால் அதுவே கொடியது. நசுங்கிய மரம் பின்னர் உலரும்போது பழைய அளவிற்கும் குறைவாகச் சுருங்கும். அடுத்த கோடையில் சந்து முன்னிலும் அகலமாகத் திறக்கும், மேலும் அடைப்பார்கள், மேலும் நசுங்கும். நான்கைந்து ஆண்டுகளில், "மரம் கெட்டுவிட்டது" என்று மரத்தின் மேல் பழி போடுவார்கள்.

கலப்பற்று

சந்தில் பஞ்சு முதலியவற்றைச் செலுத்தி நீர் புகாமல் காக்கும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். கலப்பத்து என்றும் வழங்குவர். கலத்தைப் பற்றிக்கொள்வதால் கலப்பற்று என்று பொருள் சொல்லத் தமிழாசிரியர் நாவு துடிக்கும். நமக்கும் அந்த ஆசை உண்டு. ஆயினும் போர்த்துக்கீசியர் இத்தொழிலாளியைக் 'கலஃபாத்தெ' என்றனர்; அரபியில் இவ்வேலையைக் குறிக்கும் வினை 'கல்ஃபத' என்பது. மாலுமி என்பது 'முஅல்லிம்' என்பதிலிருந்தும், சுக்கான் அதே ஒலியுடைய அரபுச் சொல்லிலிருந்தும் வந்தமை போல, இதுவும் துறைமுகங்களில் கைமாறிய சொல்லே எனலாம். வந்த சொல்லைத் தமிழ் தன் வாய்க்கு ஏற்பத் திருத்திக்கொண்ட அழகை மட்டும் நாம் பாராட்டிக்கொள்வோம்.

கலப்பற்றுக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. முனை மழுங்கிய அகன்ற உளி, கொட்டாப்புளி, பழைய பஞ்சைத் துருவி எடுக்கும் கொக்கி, இவ்வளவே. பஞ்சைத் தளர்வாகத் திரித்துச் சந்தின் வாயில் சிறு மடிப்புகளாக வைத்து உளியால் செலுத்துவர். மேலே குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிய மெழுகைப் பூசுவர். சுண்ணாம்பை எண்ணெயோடு இடித்துச் சேர்க்கும் பூச்சும் நம் நாட்டுக் கலங்களுக்கு நெடுங்காலமாக உண்டு. இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம்: இறுகியும் இறுகாமலும் நிற்றல். மரம் விரிந்தால் ஒதுங்கி வழிவிடும். சுருங்கினால் ஓரளவு பின்தொடரும். கல்லைப் போல் இறுகும் பொருளுக்கு இக்குணம் இல்லை. புதுப்பொருள் எல்லாம் தீது என்பது நம் கருத்தன்று. எப்பொழுதும் அசையும் மரத்தின் நடுவே அசையாப் பொருளை வைக்கலாகாது என்பதே கருத்து.

ஆனால் வற்றிய படகிற்குக் கலப்பற்று முதல் வேலை அன்று, கடைசி வேலை. இவ்வரிசை மாறுவதால்தான் கேடு விளைகிறது.

முதல் வேலை நிழல். படகின் மேல் பனையோலைப் பந்தல் இட வேண்டும். வெயில் படும் பக்கம் மேலும் மேலும் வற்றும், படாத பக்கம் ஈரத்தோடு நிற்கும், பலகை முறுகும். நிழலில் வைத்த பின்னரே சோதனை. கூரிய ஊசியால் பலகையை ஆங்காங்கே குத்திப் பார்த்தல் வேண்டும். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும். உளுத்த மரம் உள்வாங்கும். கொட்டாப்புளியால் தட்டினால் நல்ல பலகை கணீரென்னும்; கெட்டது 'பொத்' என்னும். ஏராவும் பலகையும் சேரும் இடம், அணியத்தில் பலகை முனைகள் முடியும் இடம், ஒவ்வொரு ஆணியின் சுற்றுப்புறம் ஆகிய மூன்றிலும் கண் கூர்மையாக இருக்க வேண்டும். இரும்பாணி துருவேறினால் தான் கெடுவதோடு நில்லாது, தன்னைச் சூழ்ந்த மரத்தையும் கருக வைத்து மென்மையாக்கிவிடும். இவ்வாறு கெட்ட பலகையை நீர் மீட்காது, மாற்றத்தான் வேண்டும். வற்றல் வேறு, உளுத்தல் வேறு என்னும் இந்தப் பாகுபாட்டைச் செய்யாமல் படகு முழுவதையும் விறகாகத் தள்ளுவதும் தவறு. முழுவதையும் நனைத்தால் சரியாகும் என்று நம்புவதும் தவறு.

அடுத்தது, சந்துகளைத் துப்புரவு செய்தல். கடற்கரையில் கிடந்த படகின் சந்துகளில் மணலும் சிப்பித் தூளும் புகுந்திருக்கும். இவற்றை எடுக்காமல் நனைத்தால், விரியும் பலகை மணலோடு மோதி நசுங்கும். மேலே சிமெண்டுக்குச் சொன்ன கேடு அனைத்தும் இயற்கையாகவே நடந்தேறும். இறுகிப்போன பழைய மெழுகையும் சுரண்டிவிட வேண்டும். மென்மையாக இருக்கும் பழைய பஞ்சை விட்டுவைக்கலாம்.

பின்னர் நனைத்தல். இதில் பொறுமையே மூலதனம். பழைய சாக்குகளைக் கடல்நீரில் தோய்த்துப் படகின் உள்ளும் புறமும் போர்த்தி, காலையும் மாலையும் நீர் தெளித்து, அவை காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலகையின் தடிப்பையும் வற்றிய காலத்தையும் பொறுத்து இது ஒரு வாரமாகலாம்; மூன்று வாரமும் ஆகலாம். சந்துகள் நாளுக்கு நாள் ஒடுங்கி வருவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு சந்தின் இருபுறமும் கரியால் கோடிட்டு நாள்தோறும் அளந்து வரும்படி நம் மாணவர்களிடம் சொன்னால், மரத்தைப் பற்றி வகுப்பறையில் சொல்ல முடியாத பலவற்றை அந்தக் கோடுகள் சொல்லிவிடும்.

கரையில் நிற்கும் படகினுள் நீரை நிரப்பிவிட்டால் வேலை விரைவில் முடியுமே என்று தோன்றும். அவ்வாறு செய்யலாகாது. ஒரு கன மீட்டர் நீர் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளது. வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தும் கடலைத் தாங்கவே படகு கட்டப்பட்டது. உள்ளிருந்து வெளியே தள்ளும் எடையைத் தாங்க அன்று. நிரப்பினால் பலகைகள் வங்கை விட்டு விலகும், ஏராவும் வளையும். கணுக்கால் அளவு நீர் போதுமானது.

நனைப்பது கடல்நீராக இருத்தல் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் வேண்டும். உப்பு அதற்குப் பகை. நன்னீர் அதற்கு விருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைப்படகின் அடியில் தேங்கும் நீர்தான் இக்கரையில் மரப்படகுகளின் பெரும்பகை என்று நாம் கருதுகிறோம். கோடை வெயில் திறந்து வைத்த சந்துகளில் மழைநீர் இறங்கி நிற்கிறது. வெயிலைப் பழிப்போர் மழையை மறந்துவிடுகின்றனர்.

சந்துகள் பெரும்பாலும் மூடிய பின் படகை ஆழமற்ற நீரில் இறக்க வேண்டும். நீர் புகும், புகட்டும். இறைத்துக்கொண்டே இருந்தால் சில நாட்களில் புகும் நீர் குறைந்துவிடும். மிகவும் அகன்று நிற்கும் சந்துகளுக்கு மட்டும் தற்காலிகமாகக் கொழுப்பையோ தளர்ந்த பஞ்சையோ வைக்கலாம். பலகை விரியும்போது அவை தாமே பிதுங்கி வெளியேறும். இத்தனைக்கும் பிறகு எந்தச் சந்து கசிகிறதோ, அந்தச் சந்துக்கு மட்டுமே கலப்பற்று. பத்தில் இரண்டு மூன்றுக்கே வேலை இருக்கும்.

பன்னீராண்டு கரையில், பல்லாண்டு நீரில்

அவ்வாறாயின் படகைக் கடலை விட்டு எடுக்காமலே இருந்துவிடலாமே? இருக்க முடியாது. கடலில் கப்பற்புழு இருக்கிறது. புழு என்று வழங்கினாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. முத்து விளைந்த இக்கடலில் முத்துச்சிப்பிக்கு இப்படியும் ஓர் உறவு! வெளியே ஊசித்துளை மட்டும் தெரிய, உள்ளே பலகை முழுவதையும் குடைந்துவிடும் ஆற்றலுடையது. அதனைக் கொல்ல அவ்வப்போது படகைக் கரையேற்றி உலர்த்தி, மீனெண்ணெயோ முந்திரி ஓட்டு எண்ணெயோ பூச வேண்டும். கடலில் கிடந்தால் புழு. கரையில் கிடந்தால் வற்றல். இவ்விரண்டுக்கும் நடுவில் நாட்களை எண்ணி நடத்துவதே மரக்கலம் பேணும் கலையாகும். மன்னார் வளைகுடா கச்சான் காற்றில் கொந்தளிக்கும் மாதங்களில் ஓய்வும், அடங்கிய மாதங்களில் ஓட்டமும் என்று பருவமே முன்பு இந்நாட்களை எண்ணித் தந்தது.

இரு பெருங்கப்பல்களின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ஆங்கிலேயரின் புகழ்பெற்ற போர்க்கப்பலான 'விக்டரி' 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தில் நீரற்ற துறையில் நிறுத்தப்பட்டிருக்கிறது. வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்க, அதன் புறப்பலகைகள் பேரளவில் உளுத்தன. அவற்றைக் கழற்றிப் புதியன பொருத்தும் பெரும்பணி 2022-இல் தொடங்கியது. பல்லாண்டு நீளும் பணி அது. மற்றொன்று, திருகோணமலையின் பெயர் தாங்கிய 'டிரிங்கோமலி'. 1817-இல் பம்பாயில், பார்சி இனத்தவரான வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டியது. 1990 முதல் 2001 வரை ஹார்ட்டில்பூல் நகரில் செப்பனிடப்பட்டு, நீரில் மிதந்தபடியே காக்கப்படுகிறது. முன்னது ஓக்கு மரம், பின்னது தேக்கு. எனவே வேறுபாடு முழுவதையும் நீரின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. எனினும், மரக்கப்பலுக்கு மேடையை விடத் தண்ணீரே தகுந்த இருப்பிடம் என்பதை இவை காட்டுகின்றன.

ஆணி இல்லாத கலங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1183-இல் செங்கடலைக் கடந்த பயணி இப்னு ஜுபைர், தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்ட கலங்களைக் கண்டு எழுதியிருக்கிறார். அவற்றுக்கு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவர் என்றும், சுறா எண்ணெயே சிறந்தது என்றும், கடலில் பாறைத்திட்டுகள் மிகுதியாதலின் மரம் நெகிழ்ச்சியோடு இருப்பதற்காகவே அவ்வாறு பூசுவர் என்றும் அவர் காரணம் கூறுகிறார். பவளப்பாறைகளும் 21 தீவுகளும் சூழ்ந்த நம் வளைகுடாவில் ஓடிய படகோட்டிகளுக்கு அக்காரணம் எளிதில் விளங்கும். நூஹ் நபி (அலை) அவர்களின் கலத்தைப் பற்றித் திருமறையின் 54ஆம் அத்தியாயம் கூறுமிடத்தில் பலகைகளோடு சேர்த்து 'துஸுர்' என்னும் சொல் வருகிறது. விரிவுரையாளர் பலர் அதற்கு ஆணிகள் என்று பொருள் கொள்வர்; பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. சோழமண்டலக் கரையில் அலையைக் கடக்க ஓடிய மசூலாப் படகுகளும் தைக்கப்பட்டவையே. 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படை சேர்த்துக்கொண்ட 'கௌண்டின்யா' என்னும் பாய்க்கப்பலும் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டதாகும். தைத்த கலம் வற்றினாலும் விரிந்தாலும் கயிறு சற்று இடம் கொடுக்கும், ஆணி கொடுக்காது. ஆணியறைந்த கலத்தில் நாம் கூறிய பொறுமை இரட்டிப்பாக வேண்டியிருப்பது இதனால்தான்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையெங்கும் கண்ணாடி இழைப் படகுகள் பெருகின. எடை குறைவு, வற்றுவதில்லை, புழு அரிப்பதில்லை. உழைக்கும் மீனவர் அவற்றை விரும்புவதில் தவறு காண நமக்கு உரிமை இல்லை. எஞ்சிய மரப்படகுகளுள் ஒன்றையேனும் நினைவுப் பொருளாகக் காக்க வேண்டும் என்னும் விருப்பம் ஊர்ப் பெரியவர்களுக்கு எழுமாயின், அதைச் சாலைச் சந்திப்பில் சிமெண்டு மேடை கட்டி, வண்ணம் அடித்து, வெயிலில் நிறுத்திவிட வேண்டா. கடலோரத்தில், காற்று புகும் ஓலைக்கொட்டகையில், வங்குகளின் நேர்கீழே கட்டைகள் முட்டுக் கொடுத்து நிறுத்தலாம். மழைநீர் தங்காமல் அடித்துளையைத் திறந்து வைக்க வேண்டும். உள்ளும் புறமும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூசவும், கோடை மாதங்களில் வாரம் இருமுறை கடல்நீர் தெளிக்கவும் ஓர் ஆளை அமர்த்த வேண்டும். அவர் கலப்பற்று உளி பிடித்த கையினராக இருந்தால் மிகவும் நன்று. அத்தகையோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.